முதல் தொலைநோக்கி வாங்கும் முன்: வெறுங்கண், பைனாகுலர், தொலைநோக்கி, திரை

வானியலில் ஆர்வம் வந்தவுடன் பலரும் கேட்கும் முதல் கேள்வி, "எந்தத் தொலைநோக்கி வாங்கலாம்?" என்பதுதான். என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் சற்று ஏமாற்றம் தரும்: இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். ஒரு மாதம் வெறுங்கண்ணால் பாருங்கள். பிறகு நல்ல பைனாகுலர் ஒன்று வாங்குங்கள். தொலைநோக்கி அதற்கடுத்த படி. இந்த வரிசையை நான் ஏன் வலியுறுத்துகிறேன் என்பதையும், இது யாருக்குப் பொருந்தாது என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

ஒப்பிடுவதற்கு நான்கு பொருள்களை எடுத்துக்கொள்வோம். 3.84 லட்சம் கிலோமீட்டரில் இருக்கும் நிலா. மிக நெருங்கி வரும்போதும் ஏறத்தாழ 60 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் வியாழன். சுமார் 440 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள கார்த்திகைக் கொத்து. 25 லட்சம் ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள ஆண்ட்ரோமெடா கேலக்ஸி. ஒவ்வொரு வழியிலும் இந்த நான்கும் எப்படித் தெரிகின்றன என்று பார்த்தாலே பாதி முடிவு எடுத்த மாதிரிதான்.

வெறுங்கண்

கண்ணையும் ஒரு கருவியாக நினைப்பவர்கள் குறைவு. இருட்டில் அது முழுத் திறனுக்கு வர 20 முதல் 30 நிமிடம் ஆகும். வெளியே வந்து இரண்டு நிமிடம் அண்ணாந்து பார்த்துவிட்டு "ஒன்றும் தெரியவில்லையே" என்று உள்ளே போய்விடுகிறவர்கள் அந்த அரை மணி நேரத்தைக் கண்ணுக்குக் கொடுக்கவே இல்லை. நடுவில் ஒருமுறை கைப்பேசித் திரையைப் பார்த்தாலும் பழகிய கண் மறுபடி கூசி, முதலிலிருந்து பழக வேண்டும். வெளிச்சம் தேவைப்பட்டால் மங்கிய சிவப்பு விளக்கு வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு ஒளி இருட்டுப் பார்வையை அதிகம் கெடுப்பதில்லை.

இப்படிப் பழகிய கண்ணுக்கு நிலாவின் கருந்திட்டுகள் தனித்தனியாகத் தெரியும். அவற்றில் ஒன்று அமைதிக் கடல். 1969 ஜூலை 20 அன்று அப்பல்லோ 11 இறங்கிய இடம் அதுதான். வியாழன் கண்சிமிட்டாமல் நின்றெரியும் ஒரு புள்ளி. கார்த்திகையில் பெரும்பாலானோர் ஆறு விண்மீன்களை எண்ணிவிடுவார்கள். ஆண்ட்ரோமெடா உண்மையிலேயே இருட்டான இடத்தில் மட்டும், அதுவும் நேராக உற்றுப் பார்க்காமல் சற்று ஓரமாகப் பார்த்தால், மங்கிய பஞ்சுத் துணுக்குபோல் தெரியும். ஓரப் பார்வை ஏன் உதவுகிறது என்றால், மங்கிய ஒளியை உணரும் கோல் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, அதைச் சுற்றித்தான் நிறைந்திருக்கின்றன.

அளவில் இவ்வளவுதான். ஆனால் எந்தக் கருவியும் தராத ஒன்றை வெறுங்கண் தருகிறது: வானத்தின் முழு வரைபடம். தமிழில் நமக்கு ஒரு வசதியும் இருக்கிறது. நாட்காட்டியில் வெறும் பெயராகப் படித்துப் பழகிய நட்சத்திரங்கள் பல மேலே அசலாக இருக்கின்றன. ஓரியன் என்ற விண்மீன் குழுவின் தோளில் சிவந்து தெரியும் பெடல்ஜியூஸ்தான் திருவாதிரை. ஆல்டெபரான் ரோகிணி, ஸ்பைக்கா சித்திரை, ஆன்டாரெஸ் கேட்டை. இந்தப் பெயர்களை ஒரு மாதத்தில் அவற்றின் இடங்களோடு சேர்த்துப் படித்துவிடலாம்.

வரைபடம் மனத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். 2019ஆம் ஆண்டின் இறுதியில் திருவாதிரை மங்கத் தொடங்கியது. 2020 பிப்ரவரியில், வழக்கமாகத் தன்னைவிட நன்றாகவே மங்கலாக இருக்கும் மறுதோள் விண்மீன் பெல்லாட்ரிக்ஸுக்கு ஏறக்குறையச் சமமாக வந்துவிட்டது. நான் அதைக் கையில் எதுவும் இல்லாமல் நின்று பார்த்தேன். பல ஆண்டுகளாகப் பார்த்த முகத்தில் ஏதோ மாறியிருக்கிறது என்று உடனே தோன்றியது. அந்த விண்மீன் தானே வெளியேற்றிய வாயு தூசியாகி அதன் ஒளியை மறைத்தது என்று பிறகு ஆய்வுகள் காட்டின. விலையுயர்ந்த கருவி வைத்திருந்தும் வானம் பழகாத ஒருவருக்கு இந்த மாற்றம் கண்ணில் பட்டிருக்காது.

பைனாகுலர்

என் பரிந்துரை இதுதான் என்பதால் இதைப் பற்றிச் சற்று நீட்டியே எழுதுகிறேன்.

பைனாகுலரின் மேல் 10×50 என்று எழுதியிருந்தால், 10 என்பது உருப்பெருக்கம், 50 என்பது முன்புற லென்ஸின் விட்டம் மில்லிமீட்டரில். வானம் பார்க்க இரண்டாவது எண்தான் முக்கியம். இருட்டில் நன்றாக விரிந்த கண்பாவையின் விட்டம் சுமார் 7 மி.மீ. 50 மி.மீ. லென்ஸ் அதைப்போல் சுமார் 50 மடங்கு ஒளியைத் திரட்டுகிறது. வெறுங்கண்ணுக்கும் பைனாகுலருக்கும் இடையே உள்ள இந்தத் தாவல், பைனாகுலருக்கும் முதல் தொலைநோக்கிக்கும் இடையே இருப்பதைவிடப் பெரியது. 150 மி.மீ. தொலைநோக்கி பைனாகுலரின் ஒற்றைக் குழலைவிட 9 மடங்கு ஒளிதான் கூடுதலாகத் திரட்டும்.

நான் முதன்முதலில் பைனாகுலரில் வியாழனைப் பார்த்த இரவை இன்னும் மறக்கவில்லை. கை நடுங்கியதில் கோள் ஒரு கிறுக்கலாக ஓடிக்கொண்டிருந்தது. மாடிக் கைப்பிடிச் சுவரில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றி, மூச்சை மெல்ல வெளியே விட்டபோது கிறுக்கல் நின்றது. சின்னஞ்சிறு வட்டத் தட்டு. அதன் ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று, எல்லாம் ஒரே கோட்டில், ஊசி முனை அளவு ஒளி. மறுநாள் பார்த்தபோது ஒரு பக்கம் மட்டும் நான்கு. 1610 ஜனவரி 7 அன்று கலீலியோ கண்டதும் மூன்று புள்ளிகளைத்தான். ஒரு வாரத்துக்குள் அவருக்கு நான்காவதும் தெரிந்தது. அவர் கருவி சுமார் 20 மடங்கு பெருக்கியது, ஆனால் இன்றைய சாதாரண பைனாகுலரின் கண்ணாடி அவருடையதைவிட எவ்வளவோ தெளிவானது. இந்தப் புள்ளிகள் வியாழனின் நான்கு பெரிய நிலாக்கள். அவற்றில் ஐயோ என்ற நிலா வியாழனை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 42 மணி நேரம் போதும். கலிஸ்டோவுக்குக் கிட்டத்தட்ட 17 நாள். ஒரு வாரம் தொடர்ந்து பார்த்து நோட்டில் புள்ளி வைத்துக்கொண்டு வந்தாலே எது வேகமாக ஓடுகிறது என்பது புரிந்துவிடும்.

கார்த்திகைக்கு பைனாகுலரை மிஞ்சிய கருவி கிடையாது என்றே சொல்வேன். ஆறு விண்மீன் இருந்த இடத்தில் டஜன் கணக்கில் நீல வெண்மையாகச் சிதறியிருக்கும், கொத்து முழுவதும் ஒரே பார்வையில் அடங்கும். 10×50 பைனாகுலர் வானத்தில் ஆறு டிகிரிக்கும் மேலான அகலத்தைக் காட்டுகிறது. கையை நீட்டிப் பிடித்த சுண்டுவிரலின் அகலம் ஒரு டிகிரி, முழு நிலா அரை டிகிரி என்றால் அந்த அகலம் எவ்வளவு என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஆண்ட்ரோமெடாவும் அப்படியே. துணுக்காக இருந்தது நீண்ட முட்டை வடிவ ஒளியாக விரியும். நிலாவில் டைக்கோ, கோபர்னிகஸ் போன்ற பள்ளங்களும் டைக்கோவிலிருந்து நாலா பக்கமும் பாயும் வெண்கோடுகளும் தெரியும்.

குறைகளும் உண்டு. சனியின் வளையம் தெரியாது. கோள் சற்று நீண்டதுபோல் தோன்றும், அவ்வளவே. கை வலிக்கும். சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு பார்த்தால் அதில் பாதி தீரும், டிரைபாடில் மாட்டினால் மீதியும் தீரும். பெரியதே நல்லது என்று 20×80 வாங்கிவிடாதீர்கள், அதைக் கையில் பிடித்து நட்சத்திரம் பார்க்க முடியாது. உருப்பெருக்கத்தை மாற்றும் ஜூம் வகையையும் தவிர்த்துவிடலாம். 7×50, 8×42, 10×50 ஆகிய மூன்றில் ஒன்று போதும். கிட்டப்பார்வைக்கு மட்டும் கண்ணாடி அணிபவர் அதைக் கழற்றிவிட்டு பைனாகுலரைத் தம் கண்ணுக்கேற்பக் குவித்துக்கொள்ளலாம். சிதறல் பார்வை உள்ளவர் கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும். அவர்கள் வாங்கும்போது, கண்ணுக்கும் லென்ஸுக்கும் இடையே குறைந்தது 15 மி.மீ. இடைவெளியில் முழுக் காட்சியும் தெரிகிறதா என்று பார்த்து வாங்கட்டும்.

தொலைநோக்கி

என் முதல் கருவி பைனாகுலர் இல்லை. 60 மி.மீ. லென்ஸ் வைத்த ஒரு தொலைநோக்கி. பெட்டியில் 525 மடங்கு பெருக்கும் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. நானும் மிகச் சிறிய கண்ணருகு லென்ஸைப் போட்டு சனியைத் தேடினேன். ஒரு மணி நேரம் கழித்துக் கிடைத்தது தண்ணீருக்கடியில் மிதக்கும் ஒரு மங்கல் தீற்றல். குவிக்கும் திருகைத் தொட்டாலே முக்காலி ஆடியது, கோள் காட்சியை விட்டு ஓடியது. மூன்றாம் வாரம் அது அலமாரிக்குப் போய்விட்டது. வானம் எனக்கு வராது என்று நானே முடிவு கட்டி, மறுபடி அண்ணாந்து பார்க்கப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இந்த வரிசையை நான் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் அந்த ஆண்டுகள்தான்.

அன்று யாரும் எனக்குச் சொல்லாத கணக்கு இது. உருப்பெருக்கம் என்பது தொலைநோக்கியின் குவியத் தூரத்தை (லென்ஸிலிருந்து அல்லது ஆடியிலிருந்து ஒளி குவியும் இடம் வரை உள்ள தூரம்) கண்ணருகு லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் வருவது. 1200 மி.மீ. குழலில் 25 மி.மீ. லென்ஸ் போட்டால் 48 மடங்கு, 10 மி.மீ. போட்டால் 120 மடங்கு. காகிதத்தில் இதை எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டலாம். ஆனால் முன்புற லென்ஸின் அல்லது ஆடியின் விட்டத்தில் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஏறத்தாழ 2 மடங்குக்கு மேல் போனால் காட்சி பெரிதாகும், விவரம் கூடாது. 60 மி.மீ. கருவிக்கு எல்லை 120. பெரிய கருவிகளுக்கும், காற்று மண்டலம் கலங்கியிருக்கும் இரவுகளில் 200-ஐத் தாண்டுவது கடினம். எனவே பெட்டியில் உருப்பெருக்கத்தை முன்னிறுத்தி விளம்பரம் செய்திருந்தால் அந்தக் கருவியை விட்டுவிடுங்கள். கேட்க வேண்டியது விட்டத்தை.

வகைகளில் என் தேர்வு டாப்சோனியன். வளைந்த ஆடி ஒளியைத் திரட்டும் நியூட்டன் வகைக் குழல், தரையில் உட்காரும் எளிய பெட்டித் தாங்கி. இடம் வலம், மேல் கீழ் என்று கையால் தள்ளினால் போதும். ஜான் டாப்சன் என்ற அமெரிக்க வானியல் ஆர்வலர் இந்த வடிவத்தைப் பரப்பினார். தாங்கிக்குக் குறைவாகவும் ஆடிக்கு அதிகமாகவும் செலவாவதால், கொடுக்கும் பணத்துக்கு அதிக விட்டம் கிடைப்பது இதில்தான். 130 முதல் 150 மி.மீ. வரை தொடக்கத்துக்குப் பொருத்தம். லென்ஸ் வகையில் 70, 80 மி.மீ. அளவுகள் எடை குறைவு, பராமரிப்பும் குறைவு. நிலாவுக்கும் கோள்களுக்கும் நன்றாகவே இருக்கும். வான அச்சோடு இணைத்துச் சுழற்றும் தாங்கிகளைப் புகைப்படம் எடுக்கும் எண்ணம் வரும்வரை தள்ளிப்போடலாம். முதல் பத்து இரவுகளை அதைச் சரிசெய்வதிலேயே இழப்பீர்கள்.

சரி, நான்கு பொருள்களும் இதில் எப்படி? நிலா தனி உலகமாகிவிடும். 120 மடங்கில் வியாழன், வெறுங்கண்ணுக்கு நிலா தெரியும் அகலத்தைப்போல் மூன்று மடங்கு அகலத்தில், குறுக்கே பழுப்புப் பட்டைகளோடு தெரியும். சனியின் வளையம் தனியாகப் பிரிந்து நிற்கும். அதை முதன்முறை பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஒரு கணம் பேச்சற்றுப் போகிறார்கள். 2025 மார்ச்சில் அந்த வளையம் நமக்கு விளிம்பை மட்டும் காட்டிக்கொண்டிருந்தது, அதன் பிறகு ஆண்டுக்காண்டு திறந்துகொண்டே வருகிறது. ஆனால் கார்த்திகை? 120 மடங்கில் தொலைநோக்கி காட்டும் வானம் அரை டிகிரிகூட இல்லை. கொத்து துண்டு துண்டாகத்தான் தெரியும். ஆண்ட்ரோமெடாவின் நடுப்பகுதி மட்டும் சாம்பல் நிறப் புகையாகத் தெரியும். நெபுலாக்கள் எனப்படும் வாயு, தூசி மேகங்களின் சிவப்பும் நீலமும் நீண்ட நேரம் ஒளியைச் சேர்த்து எடுத்த படங்களில் வருபவை. மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் பிரித்தறியத் தெரியாது. இதை முன்கூட்டியே அறிந்துகொண்டால் ஏமாற்றம் இல்லை.

இன்னொன்று, பூமி சுழல்கிறது. அதே 120 மடங்கில் கோள் காட்சியின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு இரண்டு நிமிடத்துக்குள் நகர்ந்துவிடும். தொடர்ந்து தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். நாலைந்து இரவுகளில் கை பழகிவிடும்.

கண்ணால் பார்க்கும் குழலே இல்லாமல், படத்தைக் கைப்பேசிக்கு அனுப்பும் தானியங்கித் தொலைநோக்கிகள் இப்போது வந்திருக்கின்றன. பொருளைத் தானே தேடி, பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நகர வெளிச்சத்திலும் நெபுலாவை நிறத்தோடு காட்டுகின்றன. கோள்கள் அவற்றில் மிகச் சிறியதாகத்தான் வரும். குனிந்து பார்க்க முடியாதவர்களுக்கும், பத்துப் பேருக்கு ஒரே நேரத்தில் காட்ட விரும்பும் ஆசிரியர்களுக்கும் நல்ல தேர்வு. வானத்தை நாமே தேடிப் பழகும் வேலையை அது எடுத்துக்கொண்டுவிடுகிறது என்பதால் முதல் கருவியாக நான் சொல்ல மாட்டேன்.

திரை

மேகம் மூடிய இரவுகளும், வானமே தெரியாத வீடுகளும் உண்டு. அதற்காக வானியலைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருள் உங்கள் இடத்துக்கும் நேரத்துக்கும் உரிய வானத்தை அப்படியே காட்டும். வியாழனைச் சுற்றிவரும் ஜூனோ விண்கலத்தின் கேமரா எடுத்த மூலப் படங்கள் பொதுமக்களுக்குத் திறந்திருக்கின்றன. நாம் பத்திரிகைகளில் பார்க்கும் வியாழன் படங்கள் பல, ஆர்வலர்கள் வீட்டுக் கணினியில் பதப்படுத்தியவை. 2007இல் தொடங்கிய கேலக்ஸி ஜூ திட்டத்தில் கேலக்ஸிகளின் வடிவத்தை வகைப்படுத்த யார் வேண்டுமானாலும் சேரலாம் என்றிருந்தது. ஹானி வான் ஆர்கெல் என்ற டச்சுப் பள்ளி ஆசிரியை அதில்தான் யாரும் அதுவரை கண்டிராத ஒளிரும் வாயுத் திரள் ஒன்றைக் கண்டுபிடித்தார். அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

விண்வெளிப் பயணங்களில்தான் ஆர்வம் என்றால் திரையே முதல் வழி. 1977இல் புறப்பட்டு 2012இல் சூரியக் காற்றின் எல்லையைக் கடந்த வாயேஜர் 1, 2005இல் சனியின் நிலாவான டைட்டனில் இறங்கிய ஹைகன்ஸ், 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலாவின் தென் துருவத்துக்கு அருகே இறங்கிய சந்திரயான் 3 என்று படிக்கவும் பார்க்கவும் ஆயுள் போதாது. இருந்தாலும் இதை வானத்தோடு இணைத்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்வேன். பைனாகுலரில் தெரியும் அந்த நான்கு புள்ளிகளில் எது யூரோப்பா என்று ஸ்டெல்லேரியத்தில் சரிபாருங்கள். 2024 அக்டோபர் 14 அன்று ஏவப்பட்ட யூரோப்பா கிளிப்பர் விண்கலம், 2030 ஏப்ரலில் வியாழனை அடைந்து, அந்தப் புள்ளியைத்தான் மீண்டும் மீண்டும் நெருங்கிச் சென்று ஆராயப்போகிறது. செய்தியில் படித்த பெயர் கண்ணெதிரே ஒளிப்புள்ளியாக நிற்கும்போது அந்தச் செய்தி வேறு மாதிரி மனத்தில் பதிகிறது.

வரிசையை மாற்ற வேண்டியவர்கள்

நகரத்தின் நடுவே இருந்து, இருட்டான இடத்துக்குப் போக வாய்ப்பே இல்லாதவர்கள் பைனாகுலரைத் தாண்டி நேரே தொலைநோக்கிக்குப் போகலாம். விளக்கு வெளிச்சம் நெபுலாவையும் கேலக்ஸியையும் அழித்துவிடும்; நிலாவையும் வியாழனையும் சனியையும் அது ஒன்றும் செய்யாது. அவை தொலைநோக்கிக்கு ஏற்றவை. இருட்டு வானம் வாய்த்தவர்களுக்கோ பைனாகுலரே பல ஆண்டுகளுக்குப் போதும். சிறு குழந்தையோடு பார்ப்பவர்கள் நிலாவைக் காட்ட 70 மி.மீ. லென்ஸ் வகை ஒன்றை உறுதியான முக்காலியில் வைத்துக்கொண்டால், பைனாகுலரைப் பிடிக்கத் தெரியாத குழந்தைகளும் உடனே பார்த்துவிடுவார்கள்.

மற்றவர்களுக்கு நான் வைக்கும் சோதனை ஒன்றுதான். செயலியின் உதவி இல்லாமல் ஆண்ட்ரோமெடாவையும், ஓரியனின் இடைவாருக்குக் கீழே உள்ள நெபுலாவையும் உங்கள் பைனாகுலரில் நீங்களே பிடித்துவிட்டீர்கள் என்றால், தொலைநோக்கி வாங்கும் நேரம் வந்துவிட்டது.

வாங்கிய அன்றே செய்ய வேண்டியது: குழலின் மேலிருக்கும் சிறிய தேடுநோக்கியைப் பகலிலேயே தொலைவிலுள்ள கோபுர முனை ஒன்றைப் பார்த்து ஒத்திசைத்துவிடுங்கள். சூரியன் இருக்கும் பக்கம் திருப்பவே கூடாது. குழலின் முன்புறத்தில் பொருத்தும் முறையான சூரிய வடிகட்டி இல்லாமல் தொலைநோக்கியிலோ பைனாகுலரிலோ சூரியனைப் பார்த்தால் ஒரு நொடியில் பார்வை போய்விடலாம். கிரகணக் கண்ணாடி அணிந்துகொண்டு கருவி வழியாகப் பார்ப்பதும் அதே அளவுக்கு ஆபத்தானது.

இரவில் முதலில் நீண்ட குவியத் தூரமுள்ள லென்ஸைப் போடுங்கள், 25 மி.மீ. நல்லது. முழு நிலா வேண்டாம், அதில் நிழலே விழாது. வளர்பிறை அரை நிலாவன்று, ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டுக்குத் திருப்புங்கள். கோட்டுக்கு அப்பால், இருட்டுப் பக்கத்தில், எதோடும் ஒட்டாமல் ஓர் ஒளிப்பொட்டு தனியாக நிற்கும். அடிவாரத்துக்கு இன்னும் விடியாத ஒரு மலையின் உச்சி அது. ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள், பொட்டு பெரிதாகியிருக்கும்.